மரியா மாண்டிசோரி அம்மையார்

நகரங்களில் மாண்டிசோரி என்னும் பெயர்ப் பலகையைக் கண்டால், அது செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்குரிய பள்ளி என எண்ணி நம்மவர் ஒதுங்கிச் செல்வதுண்டு. கட்டணத்தைக் கேட்டால் அவ்வெண்ணம் பிழையென்றும் சொல்வதற்கில்லை. ஆனால், அப்பெயருக்குரிய அம்மையாரின் குழந்தைகள் இல்லம் முதன்முதல் தோன்றியது கூலித் தொழிலாளர் குடியிருப்பிலேதான்.

இத்தாலி நாட்டுக் கியாரவல்லே என்னும் ஊரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயிலுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், தந்தையார் விரும்பாதிருந்தும், ரோம் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர், மூளை வளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட சிறாரைக் கண்டு உளம் நொந்தார். இட்டார், செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைக் கற்று, தொட்டும் பார்த்தும் பழகும் கருவிகளால் அச்சிறாருக்குப் பயிற்சியளித்தார். அவர்களுள் சிலர் பொதுத் தேர்வெழுதித் தேறினர். பிறர் வியந்தனர், அம்மையாரோ, குறையற்ற குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வாறு மழுக்கிவிடுகின்றன என்று சிந்திக்கலானார்.

ரோம் நகரில் வறியோர் நெருங்கி வாழ்ந்த பகுதி சான் லொரென்சோ. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், சிறுவர்கள் குடியிருப்பின் சுவர்களையும் படிகளையும் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்பதே கட்டட நிறுவனத்தாரின் முதல் கவலை. 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் அங்குக் குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி, நான்கைந்து வயதுக் குழந்தைகள் சில திங்களில் எழுதத் தொடங்கினர். அவர்தம் பெற்றோருள் எழுத்தறியாதவர் பலர்.

கை கழுவுதல், தூசி துடைத்தல், பெருக்குதல் ஆகியனவும் அங்குப் பாடங்களே. பள்ளிக்கூடத்தைப் பெருக்குவதற்கு நம் பிள்ளைகளை மட்டும் அழைத்த கொடுமையை அறிந்தோர் இதனைக் கேட்டு ஐயுறலாம். அங்கோ எக்குழந்தையும் விரும்பியபோது துடைப்பத்தை எடுத்தது. பிறப்பைக் கருதி எவர் கையிலும் அது திணிக்கப்படவில்லை.

முசோலினி அரசின் ஆதரவை அம்மையார் சில காலம் ஏற்றிருந்தது வருந்தத்தக்கதே. பின்னர்ப் பிணக்கு மூண்டு, 1934-இல் அவர்தம் முறையைப் பின்பற்றிய பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன.

1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அச்சபையின் ஆல்காட், 1894-இலேயே நம் சமுதாயப் பிள்ளைகளுக்கென அப்பகுதியில் இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்து, அம்மையாரின் 70-ஆம் பிறந்த நாளன்று விடுவித்தது. போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றோர் ஆயிரவர்க்கும் மேற்பட்டவர்.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் கடற்கரையூரான நூர்ட்வைக்கில் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.