விரல்வழிப் பெற்ற சொற்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1880ஆம் ஆண்டு பிறந்த ஹெலன் கெல்லர், பத்தொன்பதாம் மாதத்தில் நோயுற்றுப் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தார். 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வந்துசேர்ந்த ஆசிரியர் ஆன் சல்லிவன், உள்ளங்கையில் விரல்களால் எழுத்துகளை உணர்த்திச் சொற்களைக் கற்பித்தார்.

அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்குச் சென்ற ஹெலனுக்கு, நாள்தோறும் நூலகத்தில் உலவ இசைவு கிடைத்தது. கைக்கு அகப்பட்ட புடைப்பெழுத்து நூல்களையெல்லாம் தடவிப் படித்தார். பத்துச் சொற்களில் ஒன்றே விளங்கினும் விடவில்லை. பொருள் அறியாமல் உள்ளத்தில் தங்கிய அச்சொற்கள், பின்னாளில் அவர் பேச்சிலும் எழுத்திலும் தாமே வந்து அமர்ந்தன. ஏறத்தாழ எட்டு வயதில், ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' என்னும் புதினத்தில் அவர் மூழ்கியிருக்கக் கண்ட சல்லிவன், விளங்காத சொற்களை விளக்கினார். 'லிட்டில் லார்டு ஃபாண்டில்ராய்' என்னும் சிறுவர் புதினத்தைக் கோடையில் படித்துக்காட்டுவதாகவும் வாக்களித்தார்.

கடலோர ஊரான புரூஸ்டரில், ஆகஸ்டுத் திங்களில், பைன் மரங்களுக்கிடையே வலையூஞ்சலில் அமர்ந்து அப்புதினத்தைத் தொடங்கினர். முதலில் அருஞ்சொல்தோறும் வாசிப்பு நின்றது. கதை பிடிபட்டபின்போ விளக்கங்களே ஹெலனுக்குச் சுமையாயின! அகராதியைப் புரட்டப் பொறுமையற்ற மாணவர் இதனை நன்கறிவர். ஆசிரியரின் விரல்கள் சோர்ந்து ஓய்ந்தபோது, ஹெலன் நூலைக் கையில் வாங்கி எழுத்துகளைத் தடவித் தேடினார். மையால் அச்சிட்ட எழுத்துகள் விரலுக்குப் புலப்படவில்லை. தம் இழப்பின் கூர்மையை அன்றுதான் முதன்முதலில் உணர்ந்தார்.

அவர் ஆவலுடன் வேண்டியதால், பள்ளி இயக்குநர் அனாக்னோஸ் பின்னர் அந்நூலைப் புடைப்பெழுத்தில் அச்சிடச் செய்தார். அதனை ஏறக்குறைய மனப்பாடம் ஆகும்வரை ஹெலன் மீண்டும் மீண்டும் படித்தார்.