பணம் கொடுத்தால் போதாது, போய்ப் பார்க்க வேண்டும்: ஜூலியா லாத்ரொப்பின் கதை

சிக்காகோ நகரில் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த ஒரு பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லம் இருந்தது. அதன் ஆரம்ப நாட்களில் ஒரு தடவை, இளம்பெண் ஒருத்தி ஓடிவந்து உதவி கேட்டாள். பக்கத்துக் குடியிருப்பில் திருமணமாகாத ஒரு பெண் பிரசவ வலியில் தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரும் உள்ளே போக மறுத்துவிட்டார்கள். வைத்தியரைக் கூப்பிட்டால் காசு யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததால் அவரையும் கூப்பிடவில்லை. ஹல் ஹவுஸிலிருந்து இரண்டு பெண்கள் போனார்கள். ஒருவர் ஜேன் அடம்ஸ், பின்னாளில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். மற்றவர் ஜூலியா லாத்ரொப். இருவருக்கும் பிரசவம் பார்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் குழந்தை பிறந்தது. லாத்ரொப்பின் நினைவாக அதற்கு ஜூலியஸ் என்று பெயர் வைத்தார்கள்.

காசு யார் கொடுப்பது, உள்ளே யார் போவது என்ற இரண்டு கேள்விகளும்தான் லாத்ரொப்பின் மீதி வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தன. கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குப் பொதி, கொடுப்பனவு பற்றி நான் அவ்வப்போது எழுதுகிறேன். எங்கள் செய்திகளில் எப்போதும் முதல் கேள்விக்குத்தான் இடம் கிடைக்கிறது. எத்தனை மில்லியன், எத்தனை பேர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தை யார் பார்த்தார்கள் என்ற இரண்டாவது கேள்வி ஏன் காணாமல் போகிறது என்று தேடிக்கொண்டு போனபோதுதான் லாத்ரொப்பை வாசிக்கத் தொடங்கினேன்.

1858இல் இலினோய் மாநிலத்தின் ரொக்போர்ட் நகரில் பிறந்தவர். தந்தை சட்டத்தரணி, ஒரு தவணை கொங்கிரஸ் உறுப்பினர், பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தவர். லாத்ரொப் 1880இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதன்பின் பத்து வருடங்கள் தந்தையின் அலுவலகத்தில் வேலை செய்தார். 1890இல் ஹல் ஹவுஸுக்கு வந்தார். திருமணம் செய்யவில்லை. பின்னாளில் எதிரிகளுக்கு அது வசதியான ஓர் ஆயுதமாயிற்று.

1893இல் மாநில ஆளுநர் அவரை இலினோய் பொது அறச்செயல்கள் சபைக்கு நியமித்தார். அரச பணத்தில் நடக்கும் ஏழை இல்லங்களையும் மனநோய் வைத்தியசாலைகளையும் மேற்பார்வை செய்வது அந்தச் சபையின் வேலை. சபை உறுப்பினர் என்றால் கூட்டத்துக்குப் போய் அறிக்கையில் கையெழுத்திட்டாலே போதும் என்றிருந்த காலம் அது. லாத்ரொப் மாநிலத்தின் 102 மாவட்டங்களுக்கும் நேரில் போனார். முதியவர்கள், மனநோயாளர்கள், அநாதைச் சிறுவர்கள், போக்கிடமற்ற கர்ப்பிணிகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அடைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பணம் ஒதுக்கப்பட்டிருந்தது, கணக்கும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்ட பதவிகளாகத்தான் பராமரிப்பு வேலைகள் இருந்தன. இந்த அரசியல் நியமனங்களை நிறுத்த முடியாதபோது, 1901இல் சபையிலிருந்து விலகினார். 1905இல் திரும்பவும் வந்தார். எங்கள் நாட்டில் ஒரு மேற்பார்வைச் சபை உறுப்பினர் இப்படி விலகினால் அது ஒரு நாள் செய்தியாவது ஆகும் என்று நினைக்கிறேன்.

1912இல் ஜனாதிபதி டாஃப்ட், புதிதாக உருவாக்கப்பட்ட சிறுவர் பணியகத்தின் தலைவராக அவரை நியமித்தார். அமெரிக்க மத்திய அரசின் பணியகம் ஒன்றுக்குப் பெண்ணொருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் தடவை. கையில் இருந்தது 15 ஊழியர்களும் 25,640 டொலரும். அந்த நேரத்தில் அமெரிக்காவில் வருடத்துக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்பதே சரியாகத் தெரியாது. நாடு முழுவதற்குமான பிறப்புப் பதிவு இருக்கவில்லை. பிறந்தது எத்தனை என்று தெரியாமல் இறந்தது எத்தனை என்று பேசுவதில் பொருளில்லை என்பதால், பிறப்புப் பதிவை அவர் முதல் வேலைகளில் ஒன்றாக்கினார்.

அடுத்து பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்டவுன் என்ற உருக்குத் தொழில் நகரைத் தெரிவு செய்தார். 1913இல் பணியகத்தின் பெண் உத்தியோகத்தர்கள், 1911ஆம் ஆண்டு அங்கு பிறந்த குழந்தைகளின் பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். குழந்தை இருக்கிறதா, இறந்துவிட்டதா, என்ன பால் கொடுத்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் வேலை செய்தீர்கள், கணவரின் சம்பளம் என்ன என்று தாய்மாரிடமே கேட்டார்கள். அதுவரை குழந்தை இறந்தால் தாயின் அறியாமைதான் காரணம் என்பது எழுதாத தீர்ப்பாக இருந்தது. ஜோன்ஸ்டவுனின் எண்கள் வேறொன்றைக் காட்டின. தந்தையின் சம்பளம் மிகக் குறைவாக இருந்த வீடுகளில் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 256 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்னரே இறந்தார்கள். சம்பளம் அதிகமான வீடுகளில் அது 84. சேறு நிறைந்த, வடிகால் இல்லாத தெருக்களில் மரணம் அதிகம். சுருக்கமாகச் சொன்னால், குழந்தைகளைக் கொன்றது வறுமை.

1917இல் பணியகம் வெளியிட்ட இன்னோர் ஆய்வின்படி, 15 முதல் 44 வயது வரையான அமெரிக்கப் பெண்களின் மரணத்துக்குக் காசநோய்க்கு அடுத்த பெரிய காரணம் பிரசவம். தாய்மாரிடமிருந்து கடிதங்கள் குவியத் தொடங்கின. வயோமிங்கிலிருந்து எழுதிய ஒரு கர்ப்பிணிக்கு, ஆகக் கிட்டிய வைத்தியர் 65 மைல் தொலைவில் இருந்தார். பணியகத்துக்கு ஆலோசனை சொல்லத்தான் அதிகாரம் இருந்தது, உதவிப் பணம் கொடுக்க இல்லை. சில வேளைகளில் ஊழியர்கள் தங்கள் கைக்காசில் குழந்தைத் துணி வாங்கி அனுப்பினார்கள்.

இதற்கு ஒரு சட்டம் தேவை என்று லாத்ரொப் முடிவு செய்தார். அவர் வகுத்த திட்டத்தின் அடிப்படையில் 1918இல் முதல் சட்டமூலம் கொங்கிரஸுக்கு வந்தது. கொண்டுவந்தவர் அங்கு தெரிவான முதல் பெண் உறுப்பினரான ஜெனட் ரான்கின். அது நகரவில்லை. 1920இல் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்ததும், அதே உறுப்பினர்களுக்குத் தாய்மார் மீது திடீரென்று அக்கறை பிறந்தது. ஷெப்பர்ட்–டவுனர் சட்டம் என்று அழைக்கப்படும் அதில் ஜனாதிபதி ஹார்டிங் 1921 நவம்பர் 23 அன்று கையெழுத்திட்டார். லாத்ரொப் சில மாதங்களுக்கு முன்னரே பதவியை கிரேஸ் அபட் என்பவரிடம் கையளித்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார்.

சட்டத்தின் அமைப்பில் அவருடைய பழைய அனுபவம் தெரிகிறது. மத்திய அரசு பணம் தரும். மாநிலம் தானும் பங்கு போட வேண்டும், திட்டத்தை எழுதி அனுமதி பெற வேண்டும், செலவை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். எந்தத் தாயும் விரும்பாமல் எந்த உத்தியோகத்தரும் அவள் வீட்டுக்குள் நுழைய முடியாது. இவை நல்லவை. ஆனால் சட்டத்தை நிறைவேற்றுவதற்காக வேறு இரண்டையும் விட்டுக்கொடுத்தார்கள். பணம் ஐந்து வருடத்துக்கு மட்டும். அந்தப் பணத்தில் ஒரு டொலரைக்கூட தாயின் கையில் உதவித்தொகையாகக் கொடுக்கக் கூடாது, கட்டடமும் கட்டக் கூடாது. குழந்தைகளைக் கொல்வது வறுமை என்று தன் எண்களால் நிறுவிய பெண்ணின் திட்டம், வறுமைக்கு மருந்தாக ஆலோசனையை மட்டும் கொடுத்தது. அது நிறைவேறக்கூடியதைத் தேர்ந்தெடுத்த அரசியல் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஜோன்ஸ்டவுன் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிரிவை வாசிப்பது கஷ்டமாக இருக்கிறது.

கிடைத்த பணத்தில் நடந்த வேலை சிறியதல்ல. 1929 வரை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமாக 2,978 நிலையங்கள் திறக்கப்பட்டன. தாதியர் முப்பது லட்சத்துக்கும் அதிகமான தடவை வீடுகளுக்குப் போனார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மருத்துவமாதருக்கு வகுப்புகள் நடந்தன. அவர்களுடைய பைகளைத் திறந்து கத்தரிக்கோலும் துணியும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பரிசோதித்தார்கள். மேற்பார்வை என்பது ஏழைகள் மேல் எளிதாகவும் வைத்தியர்கள் மேல் கடினமாகவும் விழும் என்பதற்கு அந்தப் பைகளே சாட்சி. குழந்தை மரணங்கள் குறைந்தன. தாய் மரண வீதம் 1930களின் நடுப்பகுதி வரை பெரிதாக அசையவில்லை.

இதே காலத்தில்தான், 1926இல், ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. மருத்துவமாது வீட்டுக்கு வருவதும் மாதாந்தக் கிளினிக்கும் எங்களுக்கு இயல்பாகிவிட்டன. அமெரிக்காவில் அவை ஐந்து வருடத் தவணையில் தொங்கிக்கொண்டிருந்தன.

அமெரிக்க வைத்தியர் சங்கம் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. 1922இல் அதன் குழந்தை வைத்தியப் பிரிவு ஆதரவாகத் தீர்மானம் எடுத்தபோது சங்கம் கண்டித்தது. செனட்டில் மிசூரி உறுப்பினர் ஜேம்ஸ் ரீட், கல்யாணம் செய்யாத பெண்கள் தாய்மாருக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக் கொடுப்பதா என்று கேலி செய்தார். மாசசூசெட்ஸ் மாநிலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1923இல் வழக்கு தள்ளுபடியானது. 48 மாநிலங்களில் மூன்று மட்டும் கடைசி வரை பணத்தை வாங்கவில்லை. மாசசூசெட்ஸும் கனெக்டிகட்டும் இரண்டு. மூன்றாவது இலினோய். 102 மாவட்டங்களையும் லாத்ரொப் நடந்து பார்த்த அதே மாநிலம்.

1927இல் இரண்டு வருட நீடிப்புக் கிடைத்தது, அதன் முடிவில் சட்டமே செல்லாது என்ற நிபந்தனையோடு. 1929 ஜூன் 30 அன்று பணம் நின்றது. பெண்கள் ஒரே அணியாக வாக்களிப்பதில்லை என்பதை உறுப்பினர்கள் அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். சில மாநிலங்கள் தங்கள் நிதியைச் சேர்த்துத் தொடர்ந்தன. பல, பொருளாதார வீழ்ச்சி வந்ததும் நிலையங்களைக் குறைத்தன.

லாத்ரொப் ரொக்போர்டுக்குத் திரும்பியிருந்தார். கடைசி மாதங்களில் அந்த ஊரில் மரண தண்டனை விதிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார். 1932 ஏப்ரல் 15 அன்று இறந்தார். தண்டனை அடுத்த வருடம் குறைக்கப்பட்டது.

1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தாய் சேய் நலப் பணத்தை, இம்முறை ஆண்டுக் கெடு இல்லாமல், மீண்டும் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பகுதியில், தந்தையின் ஆதரவு இல்லாத பிள்ளைகளின் வீடுகளுக்கு ரொக்கப் பணமும் சேர்க்கப்பட்டது. தகுதியான தாய் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மட்டும் மாநிலங்களிடம் விட்டார்கள். தென் மாநிலங்களில் பல காலம் கறுப்பினத் தாய்மாரில் பெரும்பாலானவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.