கணினிகளைக் கடந்த தமிழுக்கு உழைத்தவர்

காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் கைப்பேசியில் எழுதும் தமிழ், சிங்கப்பூரில் வேறோர் இயங்குதளத்தில் இயங்கும் கணினியிலும் சிதையாமல் விரிகிறது. இந்த எளிமைக்கு முன்கூட்டியே உழைத்தவர்களுள் ஒருவர் நா. கோவிந்தசாமி.

1946-இல் சிங்கப்பூரில் பிறந்த அவர், சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். அந்நாளில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கி வந்தது. வலைப்பின்னல் சுமப்பது எண்களை மட்டுமே. அவை பிழையின்றிப் போய்ச் சேர்ந்தாலும், பெறுபவரிடம் அதே எழுத்துரு இல்லையெனில் பொருளற்ற குறிகளே திரையில் தெரியும்.

'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார் கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளுக்கான இணையதளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது, அதில் தமிழும் இடம்பெற்றது அவரது உழைப்பால்தான்.

ஆயினும் தனியொருவர் கண்ட தீர்வு, பலரும் ஒப்பினாலன்றிப் பொதுவழி ஆகாது. அதனாலேயே 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டினார். அந்த விவாதம் 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தொடர்ந்தது. அவ்வாண்டு மே மாதம், 53 வயதில் அவர் மறைந்தார்.

2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. எனினும் பழைய எழுத்துருக்களில் அடைபட்ட நூல்களும் ஆவணங்களும் இன்னும் உள்ளன. அவற்றை மீட்டுப் பொதுக் குறியீட்டில் சேர்ப்பதே அவருக்கு நாம் செய்யும் கைம்மாறு.