பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு

புனா நகரில் வெள்ளையர் கழகமொன்றிலே ஆட்டக்களத்தைப் பெருக்கியும், உருளை இழுத்தும், வலை கட்டியும் திங்கள்தோறும் 4 ரூபாய் கூலி பெற்று வந்தார் ஓர் இளைஞர். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர். 1876ஆம் ஆண்டில் தார்வாரில் தோன்றியவர். தந்தையார் படையிற் பணிபுரிந்தவர். தோல்வினைஞர் மரபினராதலின் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பெற்ற குடும்பம் அஃது. கிரிக்கெட்டு ஆட்டத்தில் சி. கே. நாயுடுவின் புகழை அறிந்தார் நம்முட் பலர். அவர்க்கு முன்னோடியான இவர் வரலாற்றையும் அறிதல் நன்று.

கழகத்துத் துரைமார் மட்டை பழகுதற்கு எதிர்நின்று பந்து வீசுவார் வேண்டப்பட்டனர். பாலு இடக்கையால் மெல்ல வீசிய பந்து, தரையிற் பட்டபின் எப்பக்கம் திரும்பும் என்று அறிதல் அரிதாயிற்று. கிரெய்க் என்னும் பேர்பெற்ற வீரர், தம்மை வீழ்த்துந்தோறும் அவருக்கு எட்டணா அளித்தார் என்றொரு செய்தி வழங்குகின்றது. ஆயினும் மட்டையைப் பாலுவின் கையில் எவரும் தந்திலர். மட்டை துரைமார்க்கு, பந்து ஏவலர்க்கு என்பது அன்றைய வழக்கு.

வெள்ளையரை வெல்ல விரும்பிய புனா இந்துக்கள் பாலுவைத் தம் அணியிற் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அந்தணரும் தொட்டனர். ஆட்டம் நின்று தேநீர் வந்ததும், அவர்க்கு மண்டபத்தின் வெளியே மண்கலத்திலே தேநீர். உணவு வேளையில் தனித்தட்டு, தனி மேசை. பந்திற் பற்றாத தீட்டுக் கலத்தில் மட்டும் பற்றியது எங்ஙனம் என்று யாம் எத்துணை எண்ணியும் தெளிந்திலோம். ஆலயத்தினுள்ளும் குலம் பார்த்து அமர்ந்த நம் திருச்சபைகளின் பழங்கதையை அறிந்த நாம், பிறரை மட்டும் இகழ்தலும் தகாது.

சதாராவில் வெள்ளையர் ஓர் உபாயம் செய்தனர். எங்கள் வேங்கிக்காலில் கோடையிற் பந்தாடும் சிறுவரும் அறிவர்: நெகிழ்ந்த மண்ணிற் பந்து திரும்பும், இறுகிய மண்ணில் நேரே ஓடும். ஆதலின் ஒரு வாரம் உருளையிட்டுக் களத்தை இறுக்கினர். அத்தரையிலும் பாலு 7 பேரை வீழ்த்தினார். உடன் ஆடுவோர் உடன் உண்ணவும் வேண்டும் என்று நீதிபதி ரானடே அவ்வணியினர்க்கு எடுத்துரைத்தார்.

பின்னர்ப் பாலு பம்பாய் சென்றார். 1906இல் இந்துக்கள் வெள்ளையரை 109 ஓட்டங்களால் வென்ற ஆட்டத்தில் அவர் பந்து பெருந்துணையாயிற்று. 1911இல் பாட்டியாலா மகாராசர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார், விக்கெட்டொன்றுக்கு 19 ஓட்டங்களுக்கும் குறைவாகவே கொடுத்து.

இத்தகையார்க்கு இந்து அணியின் தலைமை கிட்டவில்லை. 1913இல் தலைவரான பை என்பார், அப்பெருமை பாலுவுக்கே உரியது என்று தாமே கூறினார். ஆண்டுகள் கழிந்தன. 1920இல் பாலு அணியினின்றே நீக்கப்படவும், தம்பியர் விட்டலும் சிவராமும் தன்மானம் கருதி ஆட மறுத்து அறிக்கை விடுத்தனர். குழுவினர் இறங்கி வந்து பாலுவைத் துணைத்தலைவராக்கினர். தலைவர் சிறிது நேரம் களம்விட்டு அகல, அணியை நடத்தும் பேறு அப்பொழுது, நாற்பது கடந்த அகவையில், அவர்க்கு வாய்த்தது. 1923இல் விட்டல் முறையாகவே தலைவரானார், இந்துக்கள் வென்றனர்.

இளமையிற் பாலுவைப் போற்றியவர் அம்பேத்கர். 1932இன் புனா ஒப்பந்தத்தில் அவ்விருவரும், நம் சென்னை எம். சி. ராஜாவும் கையொப்பமிட்டனர். எனினும் 1937இன் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலிற் பாலு காங்கிரசின் சார்பில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று, 11,225 வாக்குப் பெற்றுத் தோற்றார். அம்பேத்கர் பெற்றவை 13,245. எவர் வழி நேரியது என்று தீர்ப்புரைக்கும் தகுதி எமக்கில்லை. இருவரும் மண்கலத்தின் கைப்பை அறிந்தவர். பாலு 1955 ஜூலைத் திங்களில் பம்பாயிற் காலமானார்.