இரத்தத்தை விரலால் நிறுத்தச் சொன்ன குர்துபா மருத்துவர்: அஸ்ஸஹ்ராவி

முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இரத்தம் பீறிட்டால் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் போன்ற ஒரு வழியை முஸ்லிம் ஸ்பெயினில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவரும் மருந்தும் இல்லாத இடத்தில் ஒருவருக்கு இரத்தநாளம் அறுபட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது என்பதையும் அவர் யோசித்திருக்கிறார் என்பதுதான் நம்மை வியக்க வைக்கிறது.

அவர்தான் அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி. ஐரோப்பியர் இவர் பெயரை அபுல்காசிஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தலூஸின் தலைநகரான குர்துபாவுக்கு மேற்கே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-ல் கட்டத் தொடங்கிய மதீனத்துஸ் ஸஹ்ரா இவருடைய ஊர். நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே இவரும் பிறந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பெயரோடு சேர்ந்து வரும் அல்-அன்சாரி என்பது, நபி (ஸல்) அவர்களுக்கு அடைக்கலம் தந்த மதீனத்து அன்சாரிகளின் வழிவந்த குடும்பம் என்று காட்டுகிறது.

இவரைப் பற்றிப் பழைய வரலாற்று நூல்களில் சில வரிகளுக்கு மேல் கிடையாது. ஆனால் இவர் எழுதிய 'அத்தஸ்ரீஃப்' இவரை நன்றாகவே அறிமுகப்படுத்துகிறது. முப்பது பாகங்கள் கொண்ட அந்த மருத்துவக் களஞ்சியம் 1000-ஆம் ஆண்டு வாக்கில் முடிந்தது. இவரை நேரில் கண்டவரான இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அதை மிக உயர்வாக மதிப்பிட்டிருக்கிறார். கடைசிப் பாகம் முழுக்க அறுவை மருத்துவம். சூடு போடுதல், கீறி எடுத்தல், எலும்பு முறிவும் மூட்டு விலகலும் என்று மூன்று பிரிவுகள். ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு. மாணவர்களைத் தம் பிள்ளைகள் என்றே அழைத்துச் சொல்லிக்கொண்டு போகிறார்.

இரத்தப்போக்குக்கு வருவோம். வெட்டுப்பட்ட நாளத்திலிருந்து இரத்தம் பாய்ந்தால், முதலில் சுட்டுவிரலை அதன் வாயில் வைத்து, ஒரு துளியும் வெளியேறாதபடி அழுத்த வேண்டும் என்கிறார். அதற்குப் பிறகுதான் நெருப்பில் காயும் சூட்டுக்கோல். நாளம் பாதி அறுந்திருந்தால் முழுதும் அறுத்து விடலாம், அதன் முனைகள் சுருங்கிக்கொள்ளும். நூலால் இறுகக் கட்டலாம். இரத்தத்தை உறைய வைக்கும் மருந்தை வைத்துக் கட்டுப் போடலாம். இவையெல்லாம் தேர்ந்தவர் செய்ய வேண்டியவை. கையில் எதுவும் இல்லாதவருக்கு அவர் சொல்வது விரலும் குளிர்ந்த நீரும்தான். விரலை எடுக்காமல் அழுத்தியபடி, இரத்தம் உறையும் வரை குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய பயிற்சியில் சூட்டுக்கோலும் இல்லை, பெருகும் இரத்தத்தின் மேல் நீர் ஊற்றுவதும் இல்லை. அழுத்துவது மட்டும் அப்படியே நிற்கிறது. காயத்தில் காபித்தூளை அப்பிவிட்டுக் கையை எடுத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் நூலில் என் மனதை விட்டு நீங்காத நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஓர் அதிகாரியிடம் சம்பளத்துக்கு இருந்த மருத்துவர் ஒருவர். அந்த அதிகாரியின் கறுப்பினப் பணியாள் ஒருவனுக்குக் குதிகாலுக்கு அருகே எலும்பு முறிந்து, மேலே தோலும் கிழிந்து காயமாகிவிட்டது. மருத்துவர் காயத்தின் மேலேயே பஞ்சும் சிம்பும் வைத்து இறுகக் கட்டினார். புண்ணுக்கு ஒரு திறப்புகூட விடவில்லை. கட்டை அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவிட்டு, சில நாட்கள் அப்படியே விட்டுவிட்டார். காலும் பாதமும் வீங்கின. அஸ்ஸஹ்ராவியை அழைத்தபோது அந்த இளைஞன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தார். வலி தணிந்தது. ஆனால் உள்ளே அழுகல் பிடித்திருந்தது. அவரால் தடுக்க முடியவில்லை. அது பரவி அவன் இறந்துபோனான்.

ஒரு பணியாளின் மரணத்தை எழுதி வைத்து, அதில் தம்மால் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சேர்த்திருக்கிறார். எலும்பு முறிவைப் பற்றி எழுதும்போது, வீக்கம் தணியும் முன்பே சிம்பு வைத்து இறுக்குவதை அவர் திரும்பத் திரும்பக் கண்டிப்பதற்குப் பின்னால் இந்த இளைஞனும் இருக்கிறான் என்றே தோன்றுகிறது. இன்றைய பயிற்சியில், கட்டுப் போட்ட பிறகு விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். விரல்கள் சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ கட்டைத் தளர்த்த வேண்டும். முறிவுக்கு மேல் காயம் திறந்திருந்தால் சுத்தமான துணியால் மூடி, உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். எலும்பை இழுத்து நேராக்குவது வீட்டில் செய்யும் வேலையல்ல.

கழுத்து எலும்பு முறிந்தவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கைகள் துவண்டு, அசைக்க முடியாமல், கிள்ளினாலும் உணர்ச்சி இல்லாமல் கிடந்தால் பிழைப்பது அரிது என்று அவர் கண்டிருந்தார். தண்டுவடத்தின் அடி எவ்வளவு கொடியது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. விபத்தில் விழுந்தவரை நாலு பேர் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்கக் கூடாது என்று பயிற்சியாளர்கள் மன்றாடுவதும் இதற்காகத்தான்.

தொண்டையில் முள் சிக்கினால், வெளிச்சத்தில் வாயைத் திறக்க வைத்து, நாக்கை அழுத்திப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கருவியால் எடுக்கச் சொல்கிறார். ஆழத்தில் இருந்தால் நூலில் கட்டிய கடற்பஞ்சை விழுங்க வைத்து இழுக்கும் முறையையும் சொல்கிறார். அது அந்தக் காலத்து மருத்துவர் கைக்கு உரியது. நாம் செய்து பார்ப்பதற்கல்ல. மீன் முள்ளுக்குச் சோற்று உருண்டை விழுங்கும் நம் வழக்கமும் முள்ளை இன்னும் ஆழமாக இறக்கிவிடக் கூடும்.

மூச்சுக்குழாய் பற்றிய நிகழ்ச்சியும் சொல்லத்தக்கது. அடிமைப் பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையைக் குத்திக்கொண்டாள். அழைப்பு வந்து அஸ்ஸஹ்ராவி போய்ப் பார்த்தார். இரத்தம் அதிகம் இல்லை. பெரிய நாளங்கள் தப்பியிருந்தன. வெட்டு வழியே காற்றுதான் போய்க்கொண்டிருந்தது. விரைந்து தைத்தார். அவள் பிழைத்துக்கொண்டாள், குரல் மட்டும் கரகரப்பாகிவிட்டது. மூச்சடைத்தவருக்குத் தொண்டையில் துளையிடும் சிகிச்சையைத் தம் நாட்டில் யாரும் செய்து பார்த்ததில்லை என்பதையும், இவளைப் பார்த்த பிறகு அதில் அவ்வளவு ஆபத்து இல்லை என்ற முடிவுக்கு வந்ததையும் சேர்த்தே எழுதினார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. ஒரு கிராமத்தில் சில ஆண்களுக்குச் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் போய் இறந்துவிடுவதாகக் கேள்விப்பட்டு அதைப் பதிவு செய்தார். அதன் காரணம் தமக்குத் தெரியவில்லை என்றும் முன்னோர் நூல்களிலும் இதைக் காணவில்லை என்றும் குறித்தார். ஹீமோஃபிலியா என்று இன்று நாம் அறிந்த நோயின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதைக் கருதுகிறார்கள்.

அவருடைய கடைசிக் காலம் அமைதியாக இல்லை. 1009-ல் தொடங்கிய உள்நாட்டுக் குழப்பத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டு இடிபாடாகியது. ஹிஜ்ரி 400-க்குப் பிறகு, 1013 வாக்கில் அவர் மறைந்தார். நகரம் மண்ணில் புதைந்தது, நூல் புதையவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரமோனா ஊர்க்காரர் ஜெரார்டு அதன் அறுவை மருத்துவப் பாகத்தை இலத்தீனில் பெயர்த்தார். கருவிகளின் படங்களும் ஏட்டுக்கு ஏடு பிரதி எடுக்கப்பட்டன. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கீ து ஷோலியாக் தம் அறுவை நூலில் பல இடங்களில் அஸ்ஸஹ்ராவியின் பெயரைச் சொல்லியே எழுதினார்.