டாக்டர் ஓட்கரும் அரைக் கிலோ மாவும்

கோச்சடையில் வைகைக் கரையோரத்து வீடுகளில் இரவு ஆட்டி வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி நிற்பது நமக்கு அதிசயமாகத் தோன்றுவதில்லை. அரிசியும் உளுந்தும் இவ்வூர் உஷ்ணமும் சேர்ந்து அந்த வேலையை முடித்து விடுகின்றன. குளிர் தேசத்துப் பெண்மணிகளுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. கோதுமை மாவைப் பொங்க வைக்க அவர்கள் ஈஸ்டை நம்பியிருந்தார்கள். அது ஒரு நாள் பொங்கும். ஒரு நாள் ஏமாற்றும். ஏமாற்றிய நாளில் மாவு மட்டுமா வீண்? வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் அதனுடன் வீண். ஏழைக் குடும்பத்துக்கு அது சிறு நஷ்டமன்று. அந்த நஷ்டத்தைத் தடுத்தே பெருஞ் செல்வம் ஈட்டிய ஜெர்மானியர் ஒருவரின் சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம். சுதேசிக் கைத்தொழிலைப் பற்றி மேடையில் பேசுவோர் இதனை அவசியம் அறிதல் வேண்டும்.

அவுகுஸ்ட் ஓட்கர் 1862 ஜனவரி 6-ஆம் தேதி ஓபர்ன்கிர்ஹன் என்னும் சிற்றூரில் ஒரு ரொட்டிக்காரரின் மகனாகப் பிறந்தார். மருந்துக் கடைத் தொழில் பயின்று, 1888-இல் பிரைபர்க் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1891-இல் பீலபெல்ட் நகரில் ஒரு மருந்துக் கடையைத் தமதாக்கிக் கொண்டார்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்துவது நம் கடமை. பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தவர் ஓட்கர் அல்லர். ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டு, பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்பவர் 1843-லேயே அதைச் செய்தார். 1845-இல் பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்ஸ், தானே உப்பும் மாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மானிய ரசாயன பண்டிதரான லீபிக்கும், அவரிடம் பயின்ற அமெரிக்கர் ஹார்ஸ்போர்டும் இத்துறையில் உழைத்தவர்களே. ஸோடா உப்பும் ஒரு புளிப்புப் பொருளும் ஈரத்தில் கூடினால் கரியமில வாயு எழும்; அவ்வாயு மாவினுள் சிக்கி அதனை உப்பச் செய்யும். ரகசியம் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பொடி காற்றின் ஈரம் பட்டாலே வலிவிழந்து விடும். எவ்வளவு மாவுக்கு எவ்வளவு பொடி என்பதும் வீட்டுக்காரியின் ஊகத்துக்கே விடப்பட்டது. குறைந்தால் மாவு எழாது. மிகுந்தால் பண்டம் கைக்கும்.

ஓட்கர் பிடித்துக் கொண்ட இடம் இதுதான். பொடியில் மாச்சத்துச் சேர்த்து ஈரத்தை விலக்கினார். அரைக் கிலோ மாவுக்குச் சரியாகப் போதுமான அளவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து, 1893-இல் ‘பாக்கின்’ என்ற பெயரில் பத்து பெனிக் (ஜெர்மானியச் சில்லறை நாணயம்) விலைக்கு விற்றார். பாக்கெட்டின் முதுகில் பண்டம் செய்யும் முறையை அச்சிட்டார். நிறுக்க வேண்டாம், ஊகிக்க வேண்டாம், அண்டை வீட்டாரைக் கேட்கவும் வேண்டாம். 1900-இல் மருந்துக் கடையின் இடம் போதாமல் தொழிற்சாலை எழுந்தது. 1903-இல் அவர் பெற்ற காப்புரிமை, கெடாத பேக்கிங் பவுடருக்கு மட்டுமன்றிச் சுடுவதற்கு ஆயத்தமான மாவுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. வக்கீல் தொழிலில் பழகிய நாம் அந்த முன்யோசனையை மெச்சாமல் இருக்க முடியவில்லை. 1906-இல் விற்ற பாக்கெட்டுகள் ஐந்து கோடி.

பாக்கெட்டின் முதுகு போதாமற் போகவே புத்தகங்கள் வந்தன. அவற்றுள் பிரசித்தமானது 1911-இல் வெளியான பள்ளிச் சமையல் புத்தகம். அது வெறும் தருமமன்று என்பதை நேயர்கள் அறிவார்கள். பண்டம் செய்யக் கற்கும் சிறுமி, எந்தப் பொடியை வாங்குவது என்பதையும் உடன் கற்கிறாள். வியாபாரத் தந்திரந்தான், ஆயினும் சொன்னபடி செய்தால் பண்டம் சொன்னபடி வந்தது. சில நாட்களுக்கு முன் நம் வீட்டில் வாங்கிய ஒரு சுதேசி மாவுப் பொட்டலத்தில் தேசத்தின் பெருமை பெரிய எழுத்தில் இருந்தது. எவ்வளவு நீர் விடுவது என்பது எங்குமே இல்லை. அன்று காலை நாம் பழையது உண்டோம்.

ஓட்கரின் அந்திமக் காலம் துயரமானது. ஒரே மகன் ருடால்ப் 1916 மார்ச்சில் வெர்டன் போர்முனையில் மாண்டார். தகப்பன் முகம் காணாத பேரன் அவ்வாண்டு செப்டம்பரில் பிறந்தான். 1918 ஜனவரி 10-ஆம் தேதி, 56 வயது நிறைந்த நான்காம் நாள், ஓட்கரும் காலமானார். மருமகளை மறுமணம் செய்து கம்பெனியை நடத்திய கஸெலோவ்ஸ்கி, பிற்காலத்தில் நாஜிக் கட்சியில் சேர்ந்து ஹிம்லரின் நண்பர் குழாத்திலும் இடம் பெற்றார். அக்காலத்து வரலாற்றைக் குடும்பத்தாரே சரித்திர ஆசிரியர்களைக் கொண்டு ஆராயச் செய்ய, அது 2013-இல் வெளியாயிற்று. தாமதந்தான், எனினும் மறைக்கவில்லை.

பள்ளிச் சமையல் புத்தகம் பல முறை திருத்தப்பட்டு இன்றும் விற்பனையாகிறது. அரைக் கிலோ மாவுக்கு ஒரு பாக்கெட் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.