கம்மந்தான் கான்சாகிபு

வீரத்தை விலைகொடுத்து வாங்குவோர் எக்காலத்தும் உளர். வாங்கியவர், தம் வினை முடிந்தவிடத்து அவ்வீரனைப் பேணுவரோ என்பது வேறு வினா. இவ்வினாவிற்குத் தென்பாண்டி நாட்டிலேயே ஒரு விடை கிடைக்கின்றது. அது கம்மந்தான் கான்சாகிபு என மக்கள் வழங்கும் முகம்மது யூசுப்கானின் வரலாறு.

நம் வேம்பாருக்கு வடக்கே சிறிது தொலைவில் இராமநாதபுரச் சீமை தொடங்குகின்றது. அச்சீமையைச் சேர்ந்த பனையூரில் கி. பி. 1725ஆம் ஆண்டையொட்டி இவர் பிறந்தார். மருதநாயகம் என்பது இவரது இளமைப் பெயர் என்பர். இளம்பருவத்தே இல்லம் துறந்து, இசுலாம் நெறி தழுவிப் படைத்தொழிலிற் புகுந்தார். கருநாடக நவாபு பட்டத்திற்கு முகம்மதலியும் சந்தாசாகிபும் பூசலிட்ட காலம் அது. முன்னவர்க்கு ஆங்கிலக் கும்பினியாரும், பின்னவர்க்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். யூசுப்கான் கும்பினிப் படையிற் சேர்ந்தார்.

1752 முதல் 1754 வரை நிகழ்ந்த திரிசிரபுரப் போரிலே இவரது திறம் வெளிப்பட்டது. கோட்டையிலிருந்தோர்க்கு உணவு கொணரும் வண்டிகளைப் பகைவர் கண்ணிற் படாது காத்து வருதல் அக்காலத்து உயிர்நிலையான பணி. அதனை இவர் பலமுறை செவ்வனே முடித்தார். தளபதி லாரன்சு இவரது ஊக்கத்தையும் வழியறியும் கூர்மையையும் வியந்து மேலிடத்திற்கு எழுதினார். அதன் பயனாகக் கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் இவர் தலைவராக்கப்பட்டார், பொற்பதக்கமும் பெற்றார். அப்பொழுது இவருக்கு வயது முப்பதையொட்டியது. இடையே பகைவர் பொருட்டு இவர்மீது இரண்டகப் பழி சுமத்தப் பொய்க் கடிதம் புனைந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன் பீரங்கி வாயிற் கட்டிச் சிதைக்கப்பட்டான்.

1758ஆம் ஆண்டு இறுதியில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னைக் கோட்டையை முற்றினார். யூசுப்கான் புறத்தே நின்று, முற்றினோரின் உணவு வழிகளை இடைவிடாது அலைத்தார். 1759 பெப்ரவரியில் முற்றுகை நீங்கியது. பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி ஆண்டிற்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகையின்பேரில் இவர் கைக்கு வந்தது. 1760இல் ஒல்லாந்தர் இலங்கையினின்று தூத்துக்குடியிற் படையிறக்கி ஆழ்வார்திருநகரி வரை புகுந்தனர். இவர் படை வருவதறிந்து கடற்கரைக்கே மீண்டனர். கொள்ளையை அடக்கியும், கோயில் நிலங்களை மீட்டு மீனாட்சியம்மை திருக்கோயில் வழிபாடு குறைவற நடக்கச் செய்தும், நெசவாளர்க்கும் வணிகர்க்கும் காவலாயும் இவர் ஆண்டார்.

நிற்க, இவ்வரலாற்றில் மறைக்கலாகாத பக்கம் ஒன்றுண்டு. நெற்கட்டுஞ்செவல் புலித்தேவரின் கோட்டைகளை 1761இல் வீழ்த்தியவரும் இவரே. வகுப்பிலே புலித்தேவர் பாடம் நடக்குங்கால், யூசுப்கான் நல்லவரோ தீயவரோ என்று மாணாக்கர் என்னைக் கேட்பதுண்டு. ஒரு சொல்லில் விடை கூற யான் துணிந்ததில்லை. தன் மண்ணைக் காத்தவரை அயலார் பொருட்டு வென்ற குறை குறையே. அதனைப் பிற்காலப் பெருமை கழுவிவிடாது.

வென்று கொடுத்த நாட்டைத் தாமே நன்கு ஆளவே, நவாபுக்கு அச்சம் பிறந்தது. யூசுப்கான் தமக்கு அடங்கிய பணியாளரே என நவாபு சாதித்தார். கும்பினியாரும் அவர் பக்கமே சாய்ந்தனர். யூசுப்கான் அடங்க மறுத்து, மதுரைக் கோட்டையிற் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763இல் வந்த முற்றுகை மழைக்காலத்தோடு பயனின்றி மீண்டது. 1764இல் மேஜர் காம்பெல் மீண்டும் வளைத்தார். ஜூன் 26ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலும் முறிந்தது. எனவே வாளை விடுத்துப் பசியையே படையாக்கினர். உள்ளே உணவு அருகியது. நம்பினோர் உள்ளமும் திரிந்தது. அக்டோபர் 13ஆம் நாள், திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுத் தலைவன் மார்ச்சாந்தும் பிறரும் கூடி, அவர் தொழுகையிலிருந்த வேளையிற் பிணித்து, பகைவரிடம் ஒப்புவித்தனர். 15ஆம் நாள் நவாபின் ஆணையால் அவர் தூக்கிலிடப்பட்டார். கும்பினியின் பதக்கம் தாங்கிய கழுத்திற் கயிறு விழுந்தபொழுது கும்பினியார் தடுத்திலர்.

மதுரையின் மேல்பாற் சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கவிடம் உள்ளது. 1808இல் அதன்மேற் சிறு பள்ளிவாசல் எழுப்பப்பட்டது. மதுரையிற் கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சுமக்கின்றது. அவரது போர் பற்றிய நாட்டுப்பாடலும் நிலைபெற்றுள்ளது. அவரைத் தூக்கிலிட்டவரைப் பாடுவார் இலர்.

சோதரர்காள்! நம் கடற்கரைச் சிற்றூர்களினின்றும் இளைஞர் பலர் நாட்டின் படையிற் சேர்கின்றனர். அவர்கட்கு ஒரு நற்பேறுண்டு. யூசுப்கானுக்குத் தலைவராக வாய்த்தது ஒரு வணிகக் குழு. இவர்கட்கு வாய்த்தது தம் மக்களே அமைத்த குடியரசு. அவருக்குக் கிடைத்த பதக்கம் ஊழியத்தின் கூலி. இவர்கள் பெறுவது உடன்பிறந்தார் தரும் நன்றி. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் உணர்வாராயின், சம்மட்டிபுரத்து அடக்கவிடத்தைக் கடந்து செல்லுங்கால் வீரத்தை வணங்குவர். அவ்வீரம் யார்பொருட்டுச் செலவாயிற்று என்றும் ஒரு கணம் நின்று எண்ணுவர்.